சொந்த இரத்தத்தால் முடி வளருமா? பி.ஆர்.பி. சிகிச்சையைப் பற்றி அறிய வேண்டியவை

டெங்கு பரவிய ஆண்டுகளில்தான் ‘பிளேட்லெட்’ என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, “இன்னைக்கு கவுண்ட் எவ்வளவு? நேத்தைவிட ஏறியிருக்கா?” என்று கேட்காத குடும்பம் குறைவு. அதே சொல் இப்போது வேறு இடத்தில் கேட்கிறது. கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம்: உங்கள் இரத்தமே உங்களுக்கு மருந்து, பக்கவிளைவே இல்லை, மூன்றே மாதத்தில் அடர்த்தியான முடி, பத்து வயது குறைந்த முகம். பி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தட்டணுச் செறிவு பிளாஸ்மா சிகிச்சை அது.

எங்கள் உறவில் ஒரு தம்பி. துபாயில் வேலை. நிக்காஹ்வுக்கு நாள் குறித்த பிறகு ஊர் வந்தவனுக்கு டெங்கு. பத்து நாளில் எழுந்துவிட்டான். ஆனால் இரண்டரை மாதம் கழித்து, தலை வாரினால் சீப்பு நிறைய முடி. குளியலறைத் தண்ணீர் போகும் வழியே அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் கொட்டியது. பெண் வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று உம்மா அழாத குறை. பக்கத்து நகரத்தில் ஒரு கிளினிக்கில் எட்டு ‘சிட்டிங்’ பி.ஆர்.பி. எடுத்துக்கொண்டால் சரியாகிவிடும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கட்டிவிட்டான். மூன்று முறை தலை முழுக்க ஊசி வாங்கிய பிறகுதான் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனான். அங்கே இருந்த மருத்துவர் சில முடிகளைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார், காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்டார். “இது காய்ச்சலுக்குப் பின் கொட்டுகிற முடி. தானாக நிற்கும், தானாக வளரும். ஆறு மாதம் பொறுத்திரு” என்றார். அப்படியேதான் ஆயிற்று. முடியும் வந்தது. தங்கள் ஊசியால்தான் வந்தது என்று அந்த கிளினிக் இன்றும் சொல்லிக்கொள்ளும்.

இதனால் பி.ஆர்.பி. பொய் என்று ஆகாது. அவனுக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். வேறு சிலருக்கு அது ஓரளவு உதவும். யாருக்கு உதவும், யாருக்கு வீண், யாருக்கு ஆபத்து என்று தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டுவதுதான் பிரச்சினை.

தட்டணுக்கள் என்ன செய்கின்றன?

நம் இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் உருவாகி, ஏழு முதல் பத்து நாட்கள் வரை வாழ்ந்து மறைபவை. கையில் கத்தி பட்டால் முதலில் அங்கே ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி இரத்தத்தை உறையவைப்பது இவற்றின் முதல் வேலை. இரண்டாவது வேலை அதிகம் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் நுண்ணிய பைகள் உண்டு. அவற்றில் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் அடைபட்டிருக்கும். காயம்பட்ட இடத்தில் பை உடைந்து இவை வெளியேறும்போது, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும், திசுக்கள் பெருகவும், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் உண்டாகவும் சமிக்ஞை கிடைக்கிறது. புண் ஆறுவது இப்படித்தான்.

அந்தக் காரணிகளைச் செறிவாக்கி, வேண்டிய இடத்தில் செலுத்தினால் என்ன என்ற எண்ணம்தான் பி.ஆர்.பி. இந்தப் பெயர் 1970களில் இரத்தவியலில் இருந்து வந்தது. தட்டணு குறைந்த நோயாளிகளுக்கு ஏற்றும் பிளாஸ்மாவை அப்படி அழைத்தார்கள். 1998இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க வாய் அறுவை மருத்துவரும் அவரது குழுவினரும் தாடை எலும்பு ஒட்டு அறுவையில் இதைப் பயன்படுத்தி வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பல் மருத்துவம், விளையாட்டுக் காயம், மூட்டு வலி, ஆறாத புண் என்று பரவியது. தலைக்கும் முகத்துக்கும் வந்தது அதற்குப் பிறகு. 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் இரத்தம் பூசிய தன் முகத்தைப் படம் எடுத்து வெளியிட்டதும் ‘வேம்பயர் ஃபேஷியல்’ என்ற பெயரில் அழகு நிலையங்கள் வரை இறங்கிவிட்டது. மருத்துவமனையில் தொடங்கிய ஒரு சிகிச்சை பார்லருக்குப் போன கதை இது. பின்னால் வரும் ஆபத்துக்கும் அதுவே காரணம்.

செய்யும் முறை

கையிலிருந்து 10 முதல் 30 மில்லி வரை இரத்தம் எடுப்பார்கள். அது உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்த குழாயில் சேர்ப்பார்கள். பிறகு மையவிலக்கு இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றுவார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், வெளிர் மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும், இடையே மெல்லிய படலம். அந்தப் படலத்தை ஒட்டிய பகுதியில்தான் தட்டணுக்கள் செறிந்திருக்கும். சிலர் ஒருமுறை சுழற்றுவார்கள், சிலர் பிரித்து எடுத்து இரண்டாம் முறையும் சுழற்றுவார்கள். கடைசியில் கிடைப்பது சில மில்லிதான். இயல்பான இரத்தத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு தட்டணு இருந்தால் நல்ல பி.ஆர்.பி. என்பது பொதுவான கணக்கு. மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம் என்று மார்க்ஸ் ஓர் அளவு சொன்னார்.

இங்கேதான் பெரிய ஓட்டை. மாத்திரை என்றால் எந்தக் கடையில் வாங்கினாலும் உள்ளே இத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கும். பி.ஆர்.பி.க்கு அந்த உறுதி கிடையாது. இயந்திரம், குழாய், சுழலும் வேகம், நேரம், செய்பவரின் கை, உங்கள் இரத்தத்தின் தன்மை எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு முறையும் வேறு வேறு சரக்கு. சரியாகப் பிரிக்கத் தெரியாதவர் கையில், தட்டணு குறைந்த மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரும் வாய்ப்பும் உண்டு. எடுத்த திரவத்தில் எவ்வளவு தட்டணு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் கிளினிக்குகள் அபூர்வம்.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதித்திருப்பது பி.ஆர்.பி. தயாரிக்கும் கருவிகளைத்தான். அதுவும் பெரும்பாலும் எலும்பு ஒட்டு அறுவைப் பயன்பாட்டுக்காக. முடிக்கும் முகத்துக்கும் போடுவது மருத்துவர் தன் பொறுப்பில் செய்வது. “எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு முடி சிகிச்சை” என்று பலகையில் எழுதியிருந்தால் அங்கேயே கொஞ்சம் உஷாராகுங்கள்.

மரத்துப்போகும் களிம்பு தடவி, மெல்லிய ஊசியால் தலைத்தோலில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். வலி இருக்கும். இல்லை என்று சொல்பவர்கள் போட்டுக்கொண்டவர்களாக இருக்க மாட்டார்கள். வழக்கமாக மாதம் ஒன்று வீதம் மூன்று முறை, பிறகு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. நிறுத்தினால் கிடைத்த பலன் மெல்லக் கரையும். பெரும்பாலான விளம்பரங்களில் இந்தக் கடைசி வரி இருக்காது.

முடி: முதலில் காரணம், பிறகு ஊசி

தலையில் உள்ள சுமார் ஒரு லட்சம் முடிகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் காலச்சக்கரம் உண்டு. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும், சில வாரங்கள் ஒடுங்கும், ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிரும், அதே மயிர்க்காலில் புதியது முளைக்கும். ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது இயல்பு. எண்ணிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உடலுக்குப் பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால் பல முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். டெங்கு, டைபாய்டு, கொரோனா, அறுவை சிகிச்சை, கடும் பட்டினி உணவுமுறை, பிரசவம் எல்லாம் அத்தகைய அதிர்ச்சிகள். இரண்டு மூன்று மாதம் கழித்து அவை மொத்தமாக உதிரும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பிள்ளையின் சிரிப்புக்கும் முடிக்கும் சம்பந்தமில்லை, ஆனால் காலக்கணக்கு சரி. இந்த வகைக் கொட்டலுக்கு ஊசி வேண்டாம். சத்தான சாப்பாடும் பொறுமையும் போதும். தொடர்ந்து கொட்டினால் இரத்தசோகை, இரும்புச்சத்து இருப்பு, தைராய்டு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்று, முகத்தில் பருவும் ரோமமும் கூடும் இளம்பெண்களுக்கு சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றைப் பார்க்காமல் தலையில் பி.ஆர்.பி. போடுவது, குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. ஹிஜாப் அணிவதால் முடி கொட்டும் என்று சிலர் பேசுவதற்கு ஆதாரமில்லை. துணி முடியைக் கொட்டவைக்காது. ஆனால் உள்ளே கொண்டையை இறுக்கி இழுத்துக் கட்டுவது நெற்றியோர முடியை வேரோடு தளர்த்தும். நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் அப்படிக் கட்டினால் அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகலாம். தளர்த்திக் கட்டுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஈரத்தோடு கட்டாமல், காயவிட்டுக் கட்டுவதும் நல்லது.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் தண்ணீர். “சவூதித் தண்ணி பட்டுத்தான் இப்படி ஆச்சு.” தண்ணீரால் முடி வறண்டு, சிக்கு விழுந்து, நடுவே உடையலாம். ஆனால் நெற்றியின் இரு ஓரமும் மேலேறி, உச்சியில் நிலா மாதிரி வெளுப்பது தண்ணீரால் வருவதில்லை. அது பரம்பரை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், டி.எச்.டி. என்ற பொருளாக மாறி, அதற்கு எளிதில் வசப்படும் மயிர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்குகிறது. தடித்த முடி மெலியும், மெலிந்த முடி பூனைமயிராகும், கடைசியில் அதுவும் நின்றுபோகும். இருபத்தைந்து வயதில் ஊரை விட்டுப் போய் முப்பத்தைந்தில் திரும்புகிறோம். அந்தப் பத்து ஆண்டுதான் இது பலருக்கும் வெளிப்படும் வயது. ஊரிலேயே இருந்திருந்தாலும் கொட்டியிருக்கும். பழி தண்ணீர் மீது விழுகிறது.

பி.ஆர்.பி.க்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருப்பது இந்தப் பரம்பரை வழுக்கையின் ஆரம்ப நிலையில்தான். பல நாடுகளில் நடந்த சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களுக்கு முடியின் எண்ணிக்கையும் தடிமனும் ஓரளவு கூடியிருக்கின்றன. ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொன்றிலும் முறை வேறு, ஆகவே எல்லோருக்கும் இத்தனை சதவீதம் என்று யாராலும் உறுதி தர முடியாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இது உயிரோடு இருக்கும் மயிர்க்காலை ஊக்கப்படுத்துவது, செத்ததை எழுப்புவது அல்ல. விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்குப் பளபளக்கும் உச்சந்தலையில் எத்தனை முறை குத்தினாலும் முளைக்க அங்கே ஒன்றும் இல்லை.

மேலும், இந்த நோய்க்கு முதல் மருந்து பி.ஆர்.பி. அல்ல. மினாக்ஸிடில் என்ற தலையில் தடவும் மருந்து 1988லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்த அழுத்த மாத்திரையாக வந்து, சாப்பிட்டவர்களுக்கு ரோமம் வளர்ந்ததால் முடிக்குத் திருப்பிவிடப்பட்ட மருந்து அது. முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பயந்து நிறுத்திவிடுபவர்கள் பலர். நான்கு முதல் ஆறு மாதம் விடாமல் தடவினால்தான் பலன் தெரியும். ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997இல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதிக்கப்பட்டது. டி.எச்.டி. உருவாவதையே குறைக்கும். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறைதல், மனச்சோர்வு போன்ற விளைவுகள் உண்டு, எனவே மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, வயிற்றில் உள்ள ஆண் சிசுவைப் பாதிக்கும். இவற்றைப் பயன்படுத்தியும் போதாதவர்கள், பயன்படுத்த முடியாதவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் துணையாகத்தான் நல்ல தோல் மருத்துவர்கள் பி.ஆர்.பி.யைச் சொல்கிறார்கள்.

வட்டமாக ஒரு காசு அளவுக்கு முடி போவதை நாம் புழுவெட்டு என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது. அதற்கு ஸ்டீராய்டு ஊசிதான் வழக்கமான முதல் சிகிச்சை. பி.ஆர்.பி.யும் பலன் தந்ததாக, 45 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. பலருக்குப் புழுவெட்டு எதுவும் செய்யாமலே ஆறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்கு?

முகத்தில் ஆதாரம் இன்னும் மெலிந்தது. அமெரிக்காவில் 27 பேரைச் சேர்த்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. வெயிலால் முதிர்ந்த முகத்தின் ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி., மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். எந்தப் பக்கம் எது என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, பி.ஆர்.பி. பக்கத்துத் தோலின் சொரசொரப்பு குறைந்திருப்பதாகப் போட்டுக்கொண்டவர்கள் உணர்ந்தார்கள். தனியே இருந்து படம் பார்த்து மதிப்பிட்ட மருத்துவர்களுக்கோ இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. முகத்துக்கு இவ்வளவு செலவு செய்பவர் இதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

பருத் தழும்புக்கு, நுண்ணூசி உருளையோடு சேர்த்துச் செய்யும்போது ஓரளவு கூடுதல் பலன் காணப்பட்டிருக்கிறது. தோல் சிவக்காது, வெளுக்காது. நிறம் கூட்டும் என்று சொல்லி விற்றால் அது பொய். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தடவுவது, புகைபிடிக்காமல் இருப்பது இவை இரண்டும் சுருக்கத்தைத் தள்ளிப்போடும் அளவுக்கு எந்த ஊசியும் தள்ளிப்போடாது. மங்கு உள்ள பெண்களுக்கும் முதலில் வேண்டியது வெயில் பாதுகாப்புதான்.

உங்கள் இரத்தம் பாதுகாப்பானது, ஊசி?

“சொந்த இரத்தம்தானே, என்ன ஆகப்போகிறது” என்பதுதான் விற்பனையின் மையம். ஒவ்வாமை வராது என்ற அளவில் அது ஏறக்குறைய உண்மை. இரண்டு நாள் வலி, வீக்கம், தலைபாரம், கண்ணிய நிறம் பொதுவாக வரும், போகும். ஆபத்து இரத்தத்தில் இல்லை, அதைத் தொடும் கையில் இருக்கிறது.

2018இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. தொற்றக்கூடிய வேறு எந்த வழியும் அவர் வாழ்க்கையில் இல்லை. அந்த ஆண்டு ஓர் அழகு நிலையத்தில் பி.ஆர்.பி. முகச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். சுகாதாரத் துறையினர் அங்கே போனபோது கண்டவை அறிக்கையில் உள்ளன. சமையலறை மேடையில் பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள். ஃபிரிட்ஜில் சாப்பாட்டோடு இரத்தமும் ஊசி மருந்துகளும். இழுப்பறையிலும் மேசையிலும் உறை பிரித்த சிரிஞ்சுகள். கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவ் இல்லவே இல்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய முனைகளை ஆல்கஹாலில் துடைத்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். நிலையம் மூடப்பட்டது. உரிமமின்றி மருத்துவம் பார்த்ததாக உரிமையாளர் 2022இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த நிலையத்தோடு தொடர்புடைய ஐந்து பேரிடம் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. அவர்களில் மூவருக்கு அந்த நிலையத்திலேயே தொற்றியிருக்க வேண்டும் என்பது ஆய்வின் முடிவு. அழகு ஊசி வழியே எச்.ஐ.வி. பரவியதாகப் பதிவான முதல் நிகழ்வு அதுதான். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் எச்.ஐ.வி.யைவிட எளிதாக இந்த வழியில் பரவக்கூடியவை.

கண்ணைச் சுற்றியும் புருவ நடுவிலும் போடும் ஊசி தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். பி.ஆர்.பி.யால் அப்படிப் பார்வை இழந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. அபூர்வம்தான். ஆனால் கருவளையத்துக்காக எடுக்கும் அபாயம் அது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சென்னையிலும் ஒரு பாடம் உண்டு. 2016இல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், உரிய அனுமதி இல்லாத ஓர் இடத்தில் முடி நடவு செய்துகொண்டபின் இறந்துபோனார். அது பி.ஆர்.பி. அல்ல, மயக்க மருந்து சம்பந்தப்பட்ட வேறு சிகிச்சை. ஆனாலும், டாக்டராகப் போகிற பிள்ளையே இடத்தைச் சரிபார்க்காமல் போனால் மற்றவர்கள் நிலை என்ன?

இரத்தத் தட்டணு குறைந்தவர்கள், இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சலோ தலைத்தோலில் சீழோ உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ளக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. வலி மாத்திரைகளான இபுபுரூஃபன், டைக்லோஃபெனாக் போன்றவை தட்டணுவின் வேலையைத் தடுக்கும் என்பதால் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதைக் கேட்டு, இதயத்துக்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினை வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்தும் தவறை வாப்பாமார்கள் செய்துவிட வேண்டாம். முடிக்காக மாரடைப்பை வரவழைத்துக்கொள்ள முடியாது.

மார்க்கம் சார்ந்து கேட்கப்படுபவை

நான் ஆலிம் அல்ல. ஆனால் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருப்பதால், தெரிந்த அளவு குறிப்பிடுகிறேன். முடிவை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, அழகு அறுவை பற்றித் தீர்மானம் வெளியிட்டது. நோயாலோ விபத்தாலோ வந்த குறையைச் சரிசெய்வதை அனுமதித்த அது, முடி உதிர்ந்தவருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, முடி நடுவதையும் அந்த வகையில் சேர்த்தது. நோய் நிலை அல்லாத முகச் சுருக்கத்தை அறுவையாலோ ஊசியாலோ நீக்குவதை அது ஏற்கவில்லை. பி.ஆர்.பி. பெயர் சொல்லி அதில் பேசப்படவில்லை. ஆனால் தலைக்கும் முகத்துக்கும் இடையே அந்தத் தீர்மானம் போட்ட கோடு யோசிக்கத்தக்கது. மருத்துவ ஆதாரமும் ஏறத்தாழ அதே கோட்டில்தான் பிரிகிறது என்பது எனக்கு வியப்பு.

உடலிலிருந்து வெளியேறிய இரத்தம் அசுத்தம் என்பதால், அதையே திரும்பச் செலுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சிகிச்சைக்கான தேவை இருக்கிறதா, வெறும் அலங்காரமா என்பதைப் பொறுத்தே அறிஞர்கள் இதைப் பேசுகிறார்கள். முகத்தில் இரத்தம் பூசியபடி விடும் முறையில், தொழுகைக்கு முன் கழுவியாக வேண்டும். ஊசி போட்ட தலையைச் சில மணி நேரம், சில இடங்களில் ஒரு நாள் வரை நனைக்க வேண்டாம் என்பார்கள். ஆகவே குளித்துவிட்டு, அந்த வக்தைத் தொழுதுவிட்டுப் போவது நடைமுறைக்கு எளிது. இரத்தம் எடுத்தால் ஒளு முறியுமா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு, மீண்டும் செய்துகொள்வது பேணுதல். நோன்பைப் பொறுத்தவரை, சத்து ஏற்றாத தோல் ஊசி நோன்பை முறிக்காது என்று அதே அகாடமி 1997இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அவசரமில்லாத சிகிச்சைக்கு ரமளானில் வெறும் வயிற்றோடு போய் மயங்கி விழ வேண்டியதில்லை.

பணம் கட்டும் முன்

செய்பவர் யார் என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரும் டாக்டர் இல்லை. எம்.டி. அல்லது டிப்ளமோ அளவில் தோல் மருத்துவம் படித்தவரா, தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் அவரது பதிவு எண் என்ன என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சில வாரப் பயிற்சியில் வாங்கிய ‘காஸ்மெட்டாலஜி’ சான்றிதழ் மருத்துவப் பட்டம் ஆகாது. உங்கள் கண் முன்னே ஊசி உறை பிரிக்கப்பட வேண்டும். இரத்தம் எடுத்த குழாயில் அப்போதே உங்கள் பெயர் எழுதப்பட வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பேருடைய குழாய்கள் ஒரே இயந்திரத்தில் சுற்றும் இடத்தில் இது உயிர் விஷயம். பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லிவிடலாம், உடன் ஒருவரை உள்ளே அனுமதிக்கச் சொல்லியும் கேட்கலாம்.

ஒரு தடவைக்குச் சில ஆயிரங்களில் தொடங்கி, ஊரையும் கிளினிக்கின் பகட்டையும் பொறுத்துப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. ஜி.எஃப்.சி., பி.ஆர்.எஃப். என்று புதுப் பெயர்களில் இன்னும் கூடுதல். பெயர் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினால், வெளிச்சமும் தலை சாய்த்த கோணமும் முடி நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று தடவை போட்டும், ஆறு மாதத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த உங்கள் சொந்தப் படத்தில் மாற்றம் இல்லை என்றால், நான்காவதுக்குப் போகக் காரணமில்லை. அதனால்தான் எட்டுக்கும் பத்துக்கும் மொத்தமாகக் கட்டக் கூடாது.

எங்கள் தம்பி கட்டிய எட்டில் ஐந்து மிச்சம் இருந்தது. திருப்பிக் கேட்டபோது, பணம் தர முடியாது, வேண்டுமானால் வீட்டில் வேறு யாருக்காவது மாற்றித் தருகிறோம் என்றார்கள். வீட்டில் இருந்தது அவன் வாப்பா. வயது 61. இருபது ஆண்டாகத் தலையில் முடி என்று ஒன்று இல்லை. அவருக்கும் போடலாம், நல்ல ரிசல்ட் வரும் என்றார்களாம்.